முன்னறையின் குளிர்ச்சி

அந்தத் தெருவில் வெயில் தோற்றுப்போன ஒரே இடம் லாண்டரி அக்கா வீட்டு முன்னறைதான். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கும் மதியத்திலும் அந்தத் தரையில் வெறுங்காலை வைத்தால் உச்சந்தலை வரைக்கும் குளிர்ந்துவிடும். வருகிறவர்கள் முதலில் தரையைப் பார்ப்பார்கள், அப்புறம் சுவரில் ஏ.சி.யைத் தேடுவார்கள். அந்தத் தேடலுக்காகவே காத்திருந்தவர்போல அக்காவின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமுவார்.

"இதுக்கு மூணு காரணம் இருக்கு..."

அவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எதையும் மூன்றாகப் பிரித்தால்தான் அவருக்குப் பேச வரும். துக்கம் விசாரிக்கப் போனாலும் மூன்று ஆறுதல், பஸ் தாமதமானாலும் மூன்று விளக்கம். தெருவில் அவருக்கு ‘மூணு பாயிண்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். முன்னறைக் குளிர்ச்சிக்கு அவர் சொல்லும் மூன்று காரணங்கள் சன்னலின் திசை, சன்னலின் உயரம், சன்னலின் அகலம். மூன்று கோடைக்கு முன்னால் சுவரை உடைத்து, பக்கத்திலேயே நின்று யோசனை சொல்லிச் சொல்லிக் கொத்தனாரை அழவைத்து, அவர் வைத்த சன்னல் அது. அதற்கு முன்பு அந்த அறை ரொட்டி சுடும் அடுப்பு மாதிரி இருந்தது என்பதை அவருடைய தங்கையே ஒப்புக்கொள்வாள். அண்ணன் சொல்லும் வேறு எதையும் ஒப்புக்கொள்ளாத தங்கை.

பின்கட்டில் லாண்டரி. அக்காவும் அந்த நாத்தனாரும்தான் அங்கே முதலாளி, தொழிலாளி, தொழிற்சங்கம் எல்லாம். பெரிய தெருவிலிருக்கும் நர்சிங் ஹோமிலிருந்து படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஆபரேஷன் தியேட்டர் அங்கிகளும் மூட்டை மூட்டையாக வரும். கறை பிடித்ததைத் தனியே ஊறப்போட்டு, மற்றதை மெஷினில் தள்ளி, கொடியில் உதறி விரித்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டு, மடிப்பில் கோடு விழாமல் அடுக்கிக் கட்டி அனுப்ப வேண்டும். முன்னறையில் குளிர்ச்சி இருந்த அளவுக்குப் பின்கட்டில் வெக்கை இருந்தது. அங்கே உட்கார்ந்து மூணு பாயிண்ட் போட முடியாது, துணிதான் போடலாம்.

தண்ணீர் விஷயத்தில் அக்கா கறார். கடைசி அலசலில் தெளிந்து வரும் தண்ணீர் தொட்டியில் நின்று அடுத்த ஈட்டுத் துணிக்கு ஊறல் தண்ணீராகும். ஊறல் தண்ணீர் பின்கட்டுத் தரையைக் கழுவும். தரையைக் கழுவியது வாளியில் ஏறிக் கழிவறைக்குப் போகும். "இந்த வீட்டுல மனுஷனுக்கு ரிட்டயர்மெண்ட் உண்டு, தண்ணிக்குக் கிடையாது" என்பாள் நாத்தனார்.

மழை பொய்த்து அது இரண்டாவது வருஷம். பத்திரிகையைப் பிரித்தால் தினமும் ஏதாவது ஓர் ஏரியின் வெடித்த வயிறு. ஏரிக்குள் வீடு கட்டியவர்களும் அந்தப் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வந்தது, அதுவும் மாடிப்படி ஏறிய கிழவர்போல நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. தண்ணீர் வராத ஊருக்கு முதலில் வந்து சேர்வது கமிட்டி. இங்கேயும் வந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் நீர் சேமிப்புக் கமிட்டி அமைத்து, அது சொல்வதைக் கேட்டு நடப்பது என்று தண்ணீர் ஆபீஸ் முடிவு செய்திருந்தது. யார் தலைவர் என்பதில் கொஞ்சம் போட்டி இருந்தது. கூட்டத்தை எங்கே நடத்துவது என்பதில் இல்லை. இந்த வெயிலில் ஒரு கூட்டம் முழுதும் உட்கார்ந்திருக்கக்கூடிய அறை ஊரிலேயே ஒன்றுதான் இருந்தது. இடம் மூணு பாயிண்டுடையது என்றானதும் தலைமையும் அவருடையதாகிவிட்டது.

வாரம் தவறாமல் கூடினார்கள். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர், மருந்துக்கடைக்காரர், இன்னும் இரண்டு மூன்று பெரிய மனிதர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் பாதங்களைப் பரப்பி, தலைவர் நிகழ்த்தும் ‘நாட்டின் நீர்ப் பற்றாக்குறை: காரணங்கள், விளைவுகள், தீர்வுகள்’ என்ற உரையைக் கண்மூடிக் கேட்டார்கள். மேனேஜர் சில நாள் குறட்டையோடும் கேட்டார். காரணம், மக்களின் பொறுப்பின்மை. விளைவு, உலகப்போர். தீர்வு, கமிட்டி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அக்கா எலுமிச்சை ஜூஸ் கலக்கிக் கொடுத்து, டம்ளர்களையும் கழுவினாள்.

அப்படி ஒரு கூட்டத்தில்தான் அந்தத் தீர்மானம் பிறந்தது. ஒவ்வொரு தெருவிலும் எந்த வீட்டு மீட்டர் அதிகமாக ஓடியிருக்கிறதோ அந்த வீட்டு இணைப்பை மூடுவது. மற்றவர்களுக்கு அது பாடமாக இருக்கும். பாடம் என்று எழுதுவதா, முன்னுதாரணம் என்று எழுதுவதா என்று ஒரு மதியம் முழுதும் சண்டை நடந்து, கடைசியில் ‘முன்னுதாரணப் பாடம்’ என்று சமாதானமானார்கள். தண்ணீர் ஆபீஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கெட்ட பெயரை வாங்கிக்கொள்ள வேறு யாரோ தாமாக முன்வந்தால் எந்த ஆபீஸ்தான் வேண்டாம் என்னும்?

அடுத்த வாரமே தண்ணீர் ஆபீஸ்காரர் வந்தார். மெலிந்த மனிதர், நல்ல செய்தியைச் சொல்லும்போதும் மன்னிப்புக் கேட்பது மாதிரிதான் நிற்பார். அன்று வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றார். கடைசியில் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னார்.

"சார், இந்தத் தெருவுல அதிகமா ஓடினது உங்க மீட்டர்தான். ரெண்டாவதா இருக்கறவரு கிட்டக்கூட வரல சார்."

மூணு பாயிண்டுக்கு முதல் பாயிண்டே வரவில்லை. அக்காதான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எப்ப மூடுவீங்க?"

"வெள்ளிக்கிழமை காலைலம்மா."

"எப்ப திறப்பீங்க?"

ஆபீஸ்காரர் தலைவரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அது தீர்மானத்துல இல்லீங்களே. மூடணும்னுதான் போட்டிருக்கீங்க. எத்தனை நாள்னு போடலியே."

அக்கா பின்கட்டு மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். துணி ஒரு நாள் தவறினாலே நர்சிங் ஹோம் மேட்ரனிடமிருந்து போன் வரும். ஒரு வாரம் தவறினால் போன் வராது. மூட்டை வேறு லாண்டரிக்குப் போயிருக்கும். போன மூட்டை திரும்பி வராது. இந்த வீட்டில் இன்ஷூரன்ஸ் கமிஷன் என்பது விருந்தாளி மாதிரி, வந்தால் சந்தோஷம். அடுப்பு எரிவது லாண்டரியால்தான்.

அன்று மாலையே அவசரக் கூட்டம் நடந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்கக் கமிட்டிக்கு அதிக நேரம் ஆகவில்லை. பின்கட்டிலிருந்து மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லாண்டரிதான். மருந்துக்கடைக்காரர், வீட்டு அம்மா மனசு வைத்து லாண்டரியை நிறுத்தினால் ஊருக்கே நல்ல வழிகாட்டலாக இருக்கும் என்றார். மேனேஜர் அதை வழிமொழிந்தார். தலைவர் முதலில் நெளிந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. சொந்த வீட்டிலேயே முதல் தண்டனை என்பதில் ஒரு மேடைப் பேச்சுக்கான சரக்கு இருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் இங்கேயே கூடுவது, தலைவர் சில வார்த்தைகள் பேசுவது, அப்புறம் ஆபீஸ்காரர் இணைப்பை மூடுவது, போட்டோ எடுப்பது என்று முடிவாயிற்று.

சாப்பிடும்போது அக்கா கேட்டாள். "நான் தண்ணிய வீணாக்கறேன்னு நீங்களும் நினைக்கறீங்களா?"

"வீணாக்கறேன்னு யார் சொன்னா? தொழிலோட தன்மை அப்படி. தியாகத்துல மூணு வகை இருக்கு..."

"அண்ணா, மூணாவது வகைல அண்ணியோட மெஷினை நீ போட்டோ எடுத்து, மாலை போட்டு மாட்டிடு" என்றாள் நாத்தனார். அவர் மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

அக்காவுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது மூடப்போகிறார்கள் என்பதுகூட இல்லை. வீணாக்குகிறவள் என்று தெருவுக்குப் பாடமாகப்போவதுதான். மறுநாள் காலை தண்ணீர் வந்த நேரத்தில், அவள் மெஷினை ஓட்டவில்லை. வீட்டிலிருக்கும் ஒவ்வொரு குழாயாகப் போய் இறுக மூடினாள். கழிவறைத் தொட்டியின் திருகையும் மூடினாள். பிறகு வாசல் கேட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மீட்டரின் தகர மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்த சின்னச் சக்கரம் யார் சொல்லையும் கேட்காத பிள்ளைபோலச் சுற்றிக்கொண்டிருந்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"எல்லாத்தையும் மூடிட்டியா அண்ணி?"

"உன் அண்ணன் வாயைத் தவிர எல்லாத்தையும் மூடிட்டேன்."

குழாய்க்காரர் வந்தார். தெருவுக்கே அவர்தான், வேறு ஆள் கிடையாது என்பதால் நல்ல பெயர். கையில் ஒரு நீண்ட இரும்புக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் பூமிக்கடியில் எறும்பு நடப்பதுகூடத் தனக்குக் கேட்கும் என்று சொல்லிக்கொள்வார். குளியலறைச் சுவரில் கம்பியை வைத்தார். இங்கேதான் என்றார், தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அக்கா ஆசையாகப் பதித்த நீலக் கற்களைப் பெயர்த்து எடுத்தார். உள்ளே குழாய் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. பிறகு சமையலறைத் தொட்டிக்கு அடியில் என்றார். அங்கேயும் ஒன்றுமில்லை; பல நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு கரண்டி மட்டும் கிடைத்தது.

"லாண்டரிக்குப் போற குழாயைப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

குழாய்க்காரருக்குச் சுருக்கென்றது. அது அவர் கையால் போட்ட குழாய். சன்னல் வைத்த சமயத்திலேயே போட்டது. "அக்கா, நான் போட்ட குழாய் ஒழுகாது. உலகம் ஒழுகும், அது ஒழுகாது" என்றார். பிறகு, குறை தன் காதில் இல்லை, தெருவில்தான் என்றார். தண்ணீர் வரும் நேரத்தில் தெரு முழுக்க மோட்டார் ஓடுகிறது. இந்த இரைச்சலில் கம்பிக்குள் எதுவும் கேட்காது. அத்தனை மோட்டாரையும் கொஞ்ச நேரம் நிறுத்தினால் கண்டுபிடித்துத் தருகிறேன், என்னால் முடியாதது ஒன்றுமில்லை என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் தெருவில் யாரிடமும் மோட்டார் கிடையாது. குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது குற்றம். முதல் வீட்டில் ஒருவர் வைத்தார், அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆகவே அவரும் வைத்தார். இப்படியே தெருக்கோடி வரைக்கும் போய், தெருக்கோடியில் இருந்த தையற்காரர் வைத்தபோது அவருடைய மோட்டாருக்கு வெறும் காற்றுதான் கிடைத்தது. தினமும் காலையில் அத்தனை வீட்டிலும் மூட்டைக்கடியில், நாய்க்கூண்டுக்குள், பழைய டிரங்குப்பெட்டிக்குள் இல்லாத மோட்டார்கள் உறுமிக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை முழுதும் அக்கா வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டு டீச்சரிடம், பக்குவமாகத்தான் ஆரம்பித்தாள்.

"டீச்சர், உங்ககிட்ட மோட்டார் இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"இல்லவே இல்ல."

"அந்த இல்லாத மோட்டாரை நாளைக்குக் காலைல கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க முடியுமா?"

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "எதிர்வீட்டுல இல்லாததும் நிக்குமா?"

"எல்லா வீட்டுலயும் இல்லாததும் நிக்கும். எங்க வீட்டுலயும்தான்."

"அப்ப நானும் நிறுத்தறேன். இல்லாததை நிறுத்தறதுல எனக்கென்ன நஷ்டம்?"

எல்லா வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சுத்தான். யாருமே முதலில் நிறுத்தத் தயாராயில்லை. இரண்டாவதாக நிறுத்த எல்லோரும் தயார். தெருக்கோடித் தையற்காரர் மட்டும் மறுபேச்சுப் பேசாமல் சரி என்றார். "எனக்கு வர்றது காத்துதானே அக்கா. நாளைக்கு ஒரு நாள் விசிறியால வீசிக்கறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. முன்னறையில் கமிட்டி கூடிவிட்டது. போட்டோவுக்காக மேனேஜர் கோட்டுப் போட்டிருந்தார். வேறு அறையாயிருந்தால் அவித்தே எடுத்திருக்கும். தலைவர் எழுந்து நின்றிருந்தார். குழாய்க்காரர் பின்கட்டில் கம்பியும் காதுமாகத் தயாரானார். அக்கா வாசலில் நின்று, நாத்தனாரிடம் தலையசைத்தாள். நாத்தனார் தன் வீட்டு இல்லாத மோட்டாரை நிறுத்தினாள். பக்கத்து வீட்டு உறுமல் நின்றது. எதிர்வீடு நின்றது. ஒவ்வொன்றாக அமர்ந்து, தெரு முழுக்க ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு அமைதியை அந்தத் தெரு கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. எங்கோ ஒரு காக்கை கத்தியதுகூடப் பெரிதாகக் கேட்டது.

அந்த அமைதியின் நடுவே ஒரு குரல் மட்டும் தொடர்ந்தது.

"...ஆகவே அன்பர்களே, இரண்டாவதாக, நாட்டின் ஒவ்வொரு துளியும்..."

பின்கட்டிலிருந்து குழாய்க்காரர் கையை விரித்தார். ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனையில் ஆபீஸ்காரரின் சைக்கிள் திரும்புவது அக்காவுக்குத் தெரிந்தது. பின்னால் நீண்ட வால்வுச் சாவி கட்டியிருந்தது. தெரு எவ்வளவு நேரம் பொறுக்கும்? ஒருவர் போட்டால் எல்லோரும் போட்டுவிடுவார்கள். அவள் முன்னறை நிலைப்படியில் போய் நின்றாள்.

"என்னங்க, கொஞ்சம் பேசாம இருங்க."

அவர் பொறு என்று கையைக் காட்டினார். "மூணாவது பாயிண்ட்டுக்கு வந்துட்டேன்."

"மூணாவது பாயிண்ட்டு எங்கயும் போயிடாது. வாயை மூடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் சொல்லாத வார்த்தை. அவர் வாய் திறந்தபடியே நின்றது, ஆனால் சத்தம் நின்றுவிட்டது. மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். மேனேஜர் மூச்சையும் பிடித்துக்கொண்டார்.

அப்போது கேட்டது. பால் பொங்குவதற்கு முன் பாத்திரத்தில் கேட்குமே, அப்படி ஒரு மெல்லிய சீறல். குளியலறையிலிருந்து இல்லை, பின்கட்டிலிருந்தும் இல்லை. மேனேஜரின் காலுக்கடியிலிருந்து. மேனேஜர் தம் பாதங்களைப் பார்த்தார், மெதுவாக இரண்டையும் தூக்கிக்கொண்டார். அடுத்தவரும் தூக்கினார். நீர் சேமிப்புக் கமிட்டி முழுவதும் காலைத் தூக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அக்கா குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்றிருந்தது. மூன்று கோடையாக ஊரே மெச்சிய அந்தக் குளிர்ச்சியின் மேல் அவளுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

"அண்ணே, லாண்டரிக்குக் குழாய் எந்த வழியா இழுத்தீங்க?"

குழாய்க்காரர் கம்பியை ஊன்றிக் காதை வைத்தார். வைத்த காதை உடனே எடுத்தார். "இந்த வழியாத்தான்க்கா இழுத்தேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். உலகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கடப்பாரையை எடுத்தபோது மூணு பாயிண்ட் குறுக்கே கையை நீட்டினார். ஒரு கணம் அவர் கண் தரையிலிருந்து சன்னலுக்குப் போய், சன்னலிலிருந்து மனைவிக்கு வந்தது. கை தானாக இறங்கியது. இரண்டு கல்லைப் பெயர்த்ததும் கீழே கறுத்த சேறு தெரிந்தது. அதைத் தோண்டியதும் குழாய் இணைப்பிலிருந்து ஒரு பீச்சல் கிளம்பி மேனேஜரின் கோட்டை நனைத்துச் சன்னல் வரைக்கும் எட்டியது. கேட் அருகில் குழாயை மூடும் திருகு துருப்பிடித்து அசைய மறுத்தது. எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யோசனையே சொல்லாமல் ஒருவர் மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி, சேற்றில் மண்டியிட்டு, பொத்தலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார். தலைவர்.

அந்தக் கோலத்தில்தான் ஆபீஸ்காரர் அவரைப் பார்த்தார்.

"சார், நான் பிடிச்சுக்கட்டுமா?"

"வேணாம். மூடுங்க."

"அண்ணன் ரெண்டே வார்த்தைல பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றாள் நாத்தனார். ஆனால் துண்டை எடுத்துவந்து அண்ணனின் முகத்தைத் துடைத்தும் விட்டாள்.

ஆபீஸ்காரர் தம் நீண்ட சாவியால் தெரு வால்வைத் திருகி மூடினார். குழாய்க்காரர், இதுவரை காட்டாத வேகத்தில், பொத்தல் விழுந்த துண்டை அறுத்தெறிந்து புதியதை இணைத்தார். சாவி மறுபடி திரும்பியது. அக்கா கேட் பக்கம் ஓடிப்போய்க் குந்தி, மீட்டர் மூடியைத் தூக்கினாள். சின்னச் சக்கரம் அசையவில்லை. அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றாமல், மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா?" என்று பதறினார் ஆபீஸ்காரர்.

"ஒண்ணுமில்ல. நிக்குது." அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்து, "அப்ப எங்க இணைப்பு?" என்றாள்.

ஆபீஸ்காரர் சாவியைத் தோளில் சாய்த்து யோசித்தார். அவருடைய சர்வீஸிலேயே அவர் சுயமாக யோசித்த தருணம் அதுவாக இருக்கலாம். "மூடணும்னு தீர்மானத்துல இருக்கு. மூடினேன், கமிட்டியே பார்த்துச்சு. எத்தனை நாள்னு எங்கயும் போடல. அதனால திறந்துட்டேன்." அவர் முகத்தில் மன்னிப்புக் கேட்கும் களை முதல்முறையாக இல்லாமலிருந்தது. முன்னறையிலிருந்து யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. மேனேஜர் கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து தையற்காரர் வேகமாக வந்தார், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க. என்னவோ ஏதோ என்று எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா, எங்க வீட்டுக் குழாயில தண்ணி வருது. நானா எதுவும் பண்ணலை, தானா வருது. வாளி வழிஞ்சு போச்சு."

தெரு வாசல்களில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் நன்றாகத்தான் வருகிறது என்றார். யாரும் உறிஞ்சாதபோது எல்லோருக்கும் வருகிறது என்பதை அவர்கள் அப்படியே நின்று மனசுக்குள் ஜீரணித்தார்கள். வெளிப்படையாகப் பேச முடியாத விஷயம். இல்லாத மோட்டாரைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆனால் மறுநாள் காலையிலும் அந்த மோட்டார்கள் உறுமவில்லை. அதற்கு மறுநாள் ஒன்று உறுமியது, தெருவே வாசலில் வந்து நின்று அந்த வீட்டையே பார்த்தது, அதுவும் நின்றது.

கமிட்டி அதற்கப்புறம் ஒரே ஒரு தடவைதான் அந்த முன்னறையில் கூடியது. புதுக் கற்களுக்கடியில் மண் காய்ந்துவிட்டிருந்தது. அறை பழையபடி அடுப்பாயிருந்தது. சன்னல் தன் திசையோடும் உயரத்தோடும் அகலத்தோடும் அப்படியே இருந்து, அனல் காற்றை அள்ளி உள்ளே விட்டது. தீர்மானம் திருத்தப்பட்டது: யாருடைய இணைப்பையும் மூடுவதற்கு முன்னால், வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். முன்னுதாரணமா பாடமா என்று யாரும் கேட்கவில்லை. வேர்வை கண்ணில் இறங்கியதில் அரை டம்ளர் ஜூஸ் முடிவதற்குள் கூட்டம் கலைந்தது. அந்தத் திருத்தத்தின்படி பார்த்ததில் மேனேஜர் வீட்டுச் சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை மருந்துக்கடைக்காரர் ஊருக்கெல்லாம் சொன்னார். தன் வீட்டுச் சக்கரத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதைக் குழாய்க்காரர் சொன்னார்.

அந்தக் கடைசிக் கூட்டம் நடந்த அன்று மதியம் நர்சிங் ஹோம் மூட்டையைக் கட்டி அனுப்பிவிட்டு அக்கா முன்னறையில் வந்து உட்கார்ந்தாள். மூணு பாயிண்ட் பனியனோடு பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டைவிரலில் குழாய் விளிம்பு கீறிய காயம் இன்னும் ஆறவில்லை.

"ரொம்பப் புழுக்கம்" என்றார்.

இதற்கு மூன்று காரணம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவர் பத்திரிகையை அவள் பக்கமாகத் திருப்பி, அவளுக்கும் சேர்த்து விசிறினார்.

அக்கா தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுவென்று காய்ந்து கிடந்தது. பின்கட்டில் நாத்தனார் அடுத்த ஈட்டை மெஷினில் போடும் சத்தம் கேட்டது. கழுத்தில் வேர்வை வழிய, அந்தச் சூட்டின்மேல் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.